ஒட்டகம் ஓட்டிப் போன வானதூதரும் நீங்களும்

அன்பிற்குரியவர்களே,

என் கணவர் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் இருந்த 19 நாள்களும் எங்களைத் தாங்கியவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொல்லலாம் என்றால் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதலில் ஒரு மன்னிப்பு. காப்பீட்டுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆறு முறை அலைந்த தம்பியிடம், "வானதூதர் மாதிரி வந்தீர்கள்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நகல் எடுத்துக் கொடுத்ததற்கா இவ்வளவு பெரிய பேச்சு அக்கா?" என்றார். தம்பி, நான் நினைத்தது படத்தில் இறக்கையோடு நிற்பவரை அல்ல. பைபிளின் தோபித்து நூலில் வரும் வானதூதர் இரபேலை. செப்டம்பர் 29 அன்று மிக்கேல், கபிரியேலோடு சேர்த்துத் திருநாள் கொண்டாடுகிறோமே, அவர்தான். அசரியா என்று பெயர் சொல்லி, நாளுக்கு ஒரு திராக்மா கூலிக்கு இளைஞன் தோபியாவுக்கு வழித்துணையாகப் போகிறார். போன இடத்தில் தோபியாவுக்குத் திருமணம் கூடிவிட, விருந்தை விட்டு நகர முடியவில்லை. தோபியாவின் தந்தை கபேல் என்பவரிடம் கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர, ஒப்பந்தச் சீட்டோடு இரண்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போகிறவர் இரபேல்! கபேலும் முத்திரை உடையாத பைகளை எண்ணி ஒப்படைக்கிறார். கடவுள் திருமுன் நிற்கும் எழுவரில் ஒருவர் பார்த்த வேலை இது. உங்கள் நகல் வேலை மட்டும் எதில் குறைச்சல்?

இரத்தம் கொடுத்த நால்வருக்கும், செபமாலை சொன்ன அன்பியத்தாருக்கும் (எங்கள் பங்கின் அக்கம்பக்கச் செபக் குழுவினர்), நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார். அறுவைச் சிகிச்சை நடந்த இரவு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்திருந்தேன். யாரோ தோளில் தட்டினார்கள். வயதான அம்மா ஒருவர். பிளாஸ்க் மூடியில் பாலை ஊற்றி, படர்ந்த ஆடையைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு, "முதலில் இதைக் குடி. அழுவதற்கும் தெம்பு வேண்டும்" என்றார். அவருடைய மகனும் உள்ளேதான் கிடந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. செத்தால் போதும் என்று செடியடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவையும் வானதூதர் தட்டித்தான் எழுப்பினார். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்க, எழுந்து சாப்பிடச் சொன்னார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். வானதூதர் சலிக்காமல் இரண்டாம் முறையும் வந்தார். இந்த அம்மாவும் விடியற்காலையில் வந்தார். அதற்குள் பால் ஆறிப்போயிருந்தது.

என் பாட்டி வானதூதரைச் சம்மனசு என்பார். காவல் சம்மனசுக்குச் செபம் சொல்லாமல் தூங்க விடமாட்டார். வளர்ந்ததும் அதைச் சிறுபிள்ளைச் செபம் என்று விட்டுவிட்டேன். அந்த வாசலில் அந்தச் செபத்தை நினைவில் தேடித் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. ஒலிவ மலையில் இயேசுவுக்கும் ஒரு வானதூதர் தோன்றி வலுவூட்டினார் என்கிறார் லூக்கா. அகற்றும்படி அவர் வேண்டிய துன்பக் கிண்ணம் என்னவோ அகலவில்லை. இத்தனை ஆண்டுகள் கேட்ட வாசகம், அந்த நாள்களில்தான் காதில் விழுந்தது.

கொண்டுவந்ததில் பாதியைக் கூலியாகத் தோபியா கொடுக்கவந்தபோது, கடவுளைப் புகழுங்கள் என்று சொல்லிவிட்டு இரபேல் போய்விட்டார். நானும் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அம்மா, உங்கள் பிளாஸ்க் மூடி என்னிடமே தங்கிவிட்டது. சிவப்பு மூடி, ஓரத்தில் சின்னக் கீறல். உங்களைத் தெரிந்த யாராவது இதை வாசித்தால் சொல்லட்டும், கொண்டுவந்து தருகிறேன். உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவள்