குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: நாமே செய்துவிடலாமா?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பாதிக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான்: அடைத்துக் கிடக்கும் வடிகாலை நாமே தூர்வாருவதா, மனுமேல் மனு போட்டுக்கொண்டே இருப்பதா?

"வரியும் கட்டி வேலையும் நாமே செய்தால் அப்புறம் வரி எதற்கு?" என்றார்கள் சிலர். "அது கொசுவுக்குத் தெரியாதே" என்றார்கள் மற்றவர்கள். இரண்டுமே சரி, அதுதான் சிக்கல்.

தசரத் மாஞ்சியின் பெயர் அடிக்கடி வந்தது. பீகாரில் 1960 முதல் 1982 வரை உளியும் சுத்தியலுமாகத் தனி ஆளாய் மலையைப் பிளந்து பாதை போட்டவர். எல்லோரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். ஒரு கூலித் தொழிலாளி 22 ஆண்டுகள் பாறையோடு மல்லுக்கட்டும்வரை அரசு எங்கே போயிருந்தது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் முன்வைத்தது பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஒராங்கி என்ற ஏழை மக்கள் குடியிருப்பை. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய திட்டத்தில், வீட்டுக் கழிப்பறையும் சந்துக் கழிவுநீர்க் குழாயும் மக்கள் பொறுப்பு; பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. சந்துக்காரர்களே பணம் திரட்டி வேலை பார்த்தார்கள். ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெருங்குழாய் வராத இடங்களில் கழிவு ஓடைகளில்தான் போய் விழுந்தது. மக்களால் முடிந்தது அவ்வளவுதான்.

இதே பிரிவினையைக் குழு ஏற்றது. இரண்டு ஞாயிறுகளில் திறந்த வடிகாலைத் தூர்வாரினோம். மூடிய குழிக்குள் யாரையும் இறக்கவில்லை. விஷவாயு பற்றித் தெரிந்தும் ஆர்வமாக வந்த இளைஞர்கள் இருவரைத் தடுத்ததில் எனக்குக் கெட்ட பெயர், பரவாயில்லை. அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்தது நம் தவறு. அடுத்த மழையில் பாதி திரும்ப உள்ளே போனது.

இரவு ரோந்து போய்த் திருடனைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்ற யோசனை விவாதமின்றி நிராகரிக்கப்பட்டது.

கடைசியாக மனுவின் கதி. நாம் தூர்வாரியதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு, பெருவடிகாலைச் சீர்செய்யக் கேட்டு எழுதியிருந்தோம். "பணி முடிந்தது" என்று பதில் வந்து புகார் மூடப்பட்டது. ஆதாரமாக இணைத்திருந்தது நாம் எடுத்த படம்தான். மறுமனு போயிருக்கிறது, நகல் பதிவேட்டில் உள்ளது.

செயலாளர்