ஞாயிறு பள்ளியில் ஒரு கேள்வி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றபின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை நீ ஏற்றுக்கொண்டதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. ஆனால், பரிணாமம் உண்மையா என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "அதற்கு இன்னும் போதிய சான்று இல்லை" என்று சொல்லிச் சமாளித்ததாக எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. பணிக்காலம் முழுவதும் உயிரியல் கற்பித்தவன் நீ. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 இணை குரோமோசோம்கள் இருக்க, நமக்கு 23 மட்டுமே இருப்பது ஏன் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் மட்டுமே காணப்படும் டெலோமியர் என்ற டி.என்.ஏ. வரிசைகள் கிடப்பதும், ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கவேண்டிய இடுக்குப் பகுதியான சென்ட்ரோமியர் இன்னொன்று செயலிழந்து எச்சமாக இருப்பதும், நமக்கும் அவற்றுக்கும் பொதுவான முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டதன் தடயங்கள் என்பது உனக்குத் தெரியாததா?

பரிணாமத்துக்கு மாற்றாக 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற படைப்புக் கருத்தைப் பள்ளிக்குழு உயிரியல் வகுப்பில் புகுத்தியதை எதிர்த்து 2005-இல் அமெரிக்காவில் நடந்த டோவர் பள்ளி வழக்கில், இதே சான்றை நீதிமன்றத்தில் எடுத்துரைத்த உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். தம் பக்தியைப் பெருமையாகப் பறைசாற்றிய பள்ளிக்குழு உறுப்பினர்கள் சிலர், உண்மையான நோக்கத்தை மறைக்கப் பொய் சொன்னதை நீதிபதி ஜோன்ஸ் தம் தீர்ப்பில் வெளிப்படையாகவே கண்டித்தார். பரிணாமத்தை ஏற்காத ஒருவர் அதை நேர்மையாகச் சொன்னால் எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. தெரிந்தும் மறைப்பதுதான் பொறுக்கவில்லை. எங்கள் போதகரும் தனியே பேசும்போது பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று ஒப்புக்கொள்வார். பிரசங்க பீடத்தில் ஏறியதும் பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று நம்புகிறவர்களின் மனம் நோகாதபடி நழுவிவிடுவார். (மற்றபடி நல்ல மனிதர்.)

விசுவாசம் குலைந்துவிடும் என்று நீ அஞ்சுவது புரிகிறது. ஆனால் ஆதியாகமத்துக்கு விரிவான உரை எழுதிய பழங்காலத் திருச்சபை ஆயர் அகுஸ்தீன் அஞ்சியது இதற்கு நேர்மாறானதை. வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகள் நன்கறிந்த ஒன்றில் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் பிதற்றினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று அவர் கேட்டார். அந்தப் பெண் நாளை கல்லூரியில் மரபியல் படிப்பாள். அன்று அவளுக்குச் சந்தேகம் வரப்போவது உன் உயிரியல்மீது மட்டுமல்ல.

அதற்காக எல்லாம் சுலபமாகப் பொருந்திவிடும் என்று பூசி மெழுகவும் வேண்டாம். ஆதாம் என்று ஒரே மனிதன் இருந்ததில்லை என்றால், ஒரே மனிதனால் பாவம் உலகில் நுழைந்தது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை எப்படி வாசிப்பது, மனிதன் தோன்றுமுன்பே கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிர்கள் வலியில் மடிந்ததற்கு என்ன பொருள் என்பவை நிஜமான சிக்கல்கள். எனக்கும் விடை கிடைக்கவில்லை. அதையும் அவளிடம் அப்படியே சொல்லலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் திடமானவர்கள்.

அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியை நீயாகவே மறுபடி எடு. பெற்றோர் யாராவது முறையிட்டால் உங்கள் போதகர் என்ன சொல்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது. தேவையானால் நானும் வந்து அவரிடம் பேசுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்