151ஆம் புளோக் சுவரோவியங்களைப் பார்க்கத் தேதி கேட்டு நான்காவது மனு

பெறுநர்: போர்க்கால நினைவிடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், சிங்கப்பூர்.
அனுப்புநர்: தமிழ் மரபுடைமை வழிகாட்டிகள், சாங்கி வட்டாரம்.
பார்வை: இதே பொருளில் கொடுத்த மூன்று மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாங்கியில் போர்க்கைதி ஒருவர் 151ஆம் புளோக்கில் தீட்டிய சுவரோவியங்களைப் பார்க்க, நாங்கள் அழைத்துவரும் பெரியவர்களுக்குத் தேதி கேட்கிறோம். இடம் தாங்கள் அறியாததல்ல; வரைபடம் இணைக்கவில்லை.

1. சாங்கி போர்க்கைதி முகாம் என்றாலே எல்லாரும் சிறையைத்தான் கேட்கிறார்கள். 1942இல் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினரை வைத்திருந்தது சுற்றியிருந்த படைவீடுகளில். சிறைக்குள் அடைபட்டவர்கள் குடிமக்கள். போர்க்கைதிகள் சிறைக்கு மாறியது 1944 மே மாதம்தான். ஆகவே சிறையின் மதிலைக் காட்டினால் பாதிக் கதைதான்.

2. மீதிக் கதை ராபர்ட்ஸ் படைவீட்டின் 151ஆம் புளோக்கில் இருக்கிறது. அங்கே சீதபேதிக்காரர்களைக் கிடத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பீரங்கிப்படை வீரர் ஸ்டான்லி வாரன், கீழ்த்தளத் தேவாலயச் சுவர்களில் ஐந்து ஓவியங்கள் தீட்டினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்குமேல் நிற்க உடம்பில் தெம்பில்லை. சாயம் ஏது? ராணுவத்தின் உருமறைப்புப் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கருஞ்சிவப்பு. நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் கோல் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியைப் பொடித்தார்கள். அந்த நீலம் எவ்வளவு சிக்கனமாகப் பூசப்பட்டிருக்கிறது என்பது சுவருக்கு முன்னால் நின்றால்தான் தெரியும். அச்சுப்படத்தை நீட்டி எத்தனை நாள் ஐயா சமாளிப்பது?

3. பிறகு சுவருக்குச் சுண்ணம் பூசி எல்லாம் மறைந்தது. ஓர் ஓவியத்தின் கீழ்ப்பகுதி, வாசல் உடைத்ததில் போய்விட்டது. 1958இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1963, 1982, 1988 என மூன்று முறை வாரனே வந்து சீர்ப்படுத்தினார். அவர் மூன்று முறை கடல் கடந்து வந்து பார்த்துவிட்டார். தெம்பனிஸிலிருந்து வருகிற பெரியவர்களை எங்களால் கூட்டிப்போக முடியவில்லை!

4. அந்த புளோக் படைத்தள எல்லைக்குள் இருக்கிறது, அனுமதி வேண்டும்: புரிகிறது. பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை விவரம் முன்கூட்டியே தருகிறோம். கைப்பேசியை வாசலிலேயே வைத்துவிடுகிறோம். சிறிய அறை, மூச்சின் ஈரம் சாயத்துக்கு ஆகாது என்றால் ஒரு தடவைக்குப் பத்துப் பேர், இருபது நிமிடம் போதும். சக்கர நாற்காலிக்கும் வேன் ஏற்பாட்டுக்கும் இரண்டு மாத அவகாசம் வேண்டும். ஒரு வாரம் முன்னால் அறிவித்தால் முடியாது. அதற்காகத்தான் தேதி, தேதி என்று கேட்கிறோம்.

5. ஆண்டுக்கு இரண்டு நாள். அவ்வளவுதான்.

தயவுசெய்து தேதி கொடுங்கள் ஐயா. கொடுக்க முடியாதென்றால் அதையாவது ஒரு வரி எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வழிகாட்டிகள்