மதுரைப் பழிக்கதை எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு மைக்செட்காரரின் மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு, எழவு என்று எங்கே கூட்டம் கூடினாலும் எங்கள் வண்டி போய் நிற்கும். மனிதக் குரலை ஒயரில் ஏற்றி ஊருக்கு அனுப்புவதுதான் முப்பத்தைந்து வருடமாக என் பிழைப்பு. எங்கள் மண்ணை வைத்து நீங்கள் எடுக்கும் பழிக்குப் பழி படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சமீப காலமாக அந்தப் படங்களில் எல்லோரும் அடித்தொண்டையில் பேசுகிறார்கள். நாயகனும் அப்படித்தான், வில்லனும் அப்படித்தான், வில்லனின் மச்சினனும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு உறுமல் சேர்த்திருக்கிறீர்கள். சிரிப்புக்கென்று ஒருவர் தனியாக வருகிறார், நாலு காட்சி பேசுகிறார், கதை கறுக்க ஆரம்பித்ததும் காணாமல் போகிறார். இருட்டான படம் என்றால் சிரிப்பை அணைத்துவிட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம், சாமி கும்பிடுக்கு மைக்செட் பேச ஒருவர் வந்தார். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று ஊருக்கே தெரியும். மெலிந்த ஆள், கொஞ்சம் கீச்சுக் குரல். அப்பா குழாய் ஸ்பீக்கருக்கு வாடகையைச் சொன்னார். "என்ன மாமா, குழாய்க்கு மட்டுமா வாடகை, குழாய் கட்டுற மரத்துக்கும் சேத்தா?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அதே குரலில் சொன்னார்: "மரம் அவய்ங்க தோட்டத்துல நிக்கிது மாமா. நீங்க பாட்டுக்குக் கட்டுங்க. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவய்ங்க என்றால் அவர் வெட்டியவனின் குடும்பம். அப்பா அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நோட்டில் பெயர் எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போனதை நான் பார்த்தேன். அந்த ஆள் குரலை ஒரு இம்மி கூட உயர்த்தவில்லை, இறக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கோபம் இப்படித்தான் வரும், லந்தில், அதாவது கிண்டலில் ஏறிக்கொண்டு. எகத்தாளம் எங்கே முடிந்தது, மிரட்டல் எங்கே தொடங்கியது என்று எதிராளி பிரித்துப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

இன்னொன்று, எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. குழாய் ஸ்பீக்கரில் கனத்த ஒலி வராது. எவ்வளவு பெரிய கட்டைக்குரலாக இருந்தாலும் குழாய் அதன் அடிப்பாகத்தை அறுத்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும். அப்பா காலத்தில் திருவிழாக்களில் சினிமா வசனத்தை இசைத்தட்டில் போடுவார்கள். எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' வசனம் இல்லாமல் விடியாது. 1954-ல் வந்த படம். அதில் அவர் குரல் ஒரே வாக்கியத்துக்குள் மேலே கீச்சிட்டுக் கீழே கரகரத்து விழும். கதாநாயகனின் உடம்பு அழுகுகிறது, பார்வை போகிறது, தெருவுக்கு வந்துவிடுகிறான். நக்கல் மட்டும் போகவில்லை. கனம் முழுவதையும் குழாய் உறிஞ்சிய பிறகும், அரை மைல் தள்ளி வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் முதலில் சிரித்து, பிறகு சங்கடப்பட்டு நிற்பான். பயமும் வலியும் குரலின் கனத்தில் இல்லை என்பதை அந்தக் குழாய்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எதைச் சிரித்துக்கொண்டே கடந்து போகிறார், அதில்தான் இருக்கிறது எல்லாம்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. உங்களில் சிலரே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2008-ல் வந்த 'சுப்பிரமணியபுரம்' 1980-ன் மதுரையைக் காட்டியது. அதில் காசியாக வந்த கஞ்சா கருப்புவை நினைத்துப் பாருங்கள். கூட்டாளிகளுக்குள்ளே புலம்பிக்கொண்டு, நச்சரித்துக்கொண்டு, இழுத்து இழுத்துப் பேசும் குரல். படம் நெடுக அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். கடைசியில் கூட்டாளி பரமனைக் காட்டிக்கொடுப்பதும் அதே ஆள்தான். துரோகத்துக்கென்று அவருக்குப் புதுக் குரல் எதையும் இயக்குநர் சசிகுமார் மாட்டவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அது வலிக்கிறது. முதல் காட்சியில் சிறை வாசலில் குத்துப்படுகிறவர் யார் என்று புரியும்போது, இவ்வளவு நேரம் இவரோடா சிரித்தோம் என்று நமக்கே கூசுகிறது. உறுமுகிற ஒருவருக்கு அந்த வேஷத்தைக் கொடுத்திருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே நாங்கள் கண்டுபிடித்திருப்போம்.

நடிகரின் சொந்தக் குரல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' படத்தில் சேவல்சண்டைப் பெரியவர் பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன். குரல் ராதாரவியுடையது. எம்.ஆர்.ராதாவின் மகன். குழாயில் கேட்டு வளர்ந்த எனக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? முகம் ஒருவருடையது, தொண்டை இன்னொருவருடையது என்று படம் பார்க்கும்போது தோன்றவே இல்லை. பேட்டைக்காரன் சத்தம் போட்டு யாரையும் கெடுப்பதில்லை. ஆளுக்கொரு வார்த்தையாக, பெரிய மனிதர் நல்லது சொல்வது போலவே சொல்லிக் கெடுக்கிறார். எதிரே தனுஷின் கருப்பு, மூச்சுவிடாமல் துள்ளிப் பேசும் பையன். அவன் சிரிப்பு குறையக் குறைய நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

மதுரைக் கதை இல்லாவிட்டாலும் 'மகாராஜா'வைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2024-ல் வந்தது, நித்திலன் சாமிநாதன் இயக்கியது. இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். காணாமல் போன குப்பைத்தொட்டிக்குப் புகார் கொடுக்க வருகிற சலூன்காரராக விஜய் சேதுபதி. தொட்டியின் பெயர் லட்சுமி. லட்சுமி, லட்சுமி என்று ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மதுரையில் நான் பார்த்த காட்சியில் தியேட்டரே உருண்டு சிரித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சிரிப்பு. இடைவேளைக்குப் பிறகு, அந்தத் தட்டையான குரல் எதைப் பொத்தி வைத்திருந்தது என்று தெரிந்தபோது, அதே பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாம் காமெடியனாகவே பழகிய சிங்கம்புலியை அந்தப் படம் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மதுரை வடிவேலு 'மாமன்னன்' படத்தில் குரலை அடக்கியபோதும் தியேட்டர் இப்படித்தான் ஆனது. சிரிக்க வைக்கத் தெரிந்த தொண்டை சும்மா இருந்தாலே கனக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

படப்பிடிப்பில் ஓடி, வியர்த்து, தூசியில் நின்று பேசிய வசனத்தை நடிகர் பிறகு ஏசி அறையில் மைக் முன்னால் நின்று, உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பச் சொல்கிறார். அவருடைய இளைப்பும், வாய்க்குள் அடக்கிய சிரிப்பும் முதலில் தொலைவது அங்கேதான். டப்பிங் தொடங்குமுன் படப்பிடிப்பில் பதிவான குரலை ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள், நடிகரையும் கேட்க விடுங்கள். அப்புறம் மிக்சிங்கில் அடி ஒலியைக் கூட்டும் முன்னால் கொஞ்சம் கையை எடுங்கள். கூட்டக் கூட்டச் சொல் மழுங்கும், லந்து சொல்லின் நுனியில்தான் இருக்கிறது.

பேச்சையும் பாருங்கள். மதுரைக்காரன் வாயில் 'ஏலே' வைக்காதீர்கள், அது தாமிரபரணித் தண்ணீர். எங்களுக்கு வந்தாய்ங்க, போனாய்ங்க, இங்கிட்டு, அங்கிட்டு. அதிலும் உசிலம்பட்டிக்காரர் பேச்சு வேறு, தெற்குவாசல் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெரியவர் பேசும் தமிழ் வேறு. டப்பிங் அறையில் இந்தப் பக்கத்துக் காது ஒன்று உட்கார்ந்திருந்தால், தவறான இடத்தில் விழும் சிரிப்பை அது உடனே பிடித்துவிடும்.

காமெடியனுக்கென்று தனி டிராக் எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அரிவாள் எடுக்கப் போகிறவனின் வாயிலேயே அந்த நகைச்சுவையைக் கொடுங்கள். பெண்களுக்கும் கொடுங்கள். உங்கள் படங்களில் அவர்கள் மாரடித்து அழ மட்டுமே வருகிறார்கள். எங்கள் ஊர் எழவு வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டே, வாசலில் வந்து நிற்கும் பகையாளியை ஒரே சொல்லில் கூனிக் குறுக வைக்கும் கிழவிகளை நான் மைக் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். அவர்கள் வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
திருமங்கலம் பக்கத்து மைக்செட்காரர்