திகதி குறிக்கிறார்கள், இடம் குறிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

புல்தரையைக் காப்பதற்காக மேய்ச்சல்காரருக்கு அரசாங்கமே காசு கொடுக்கும் சீனத்துத் திட்டத்தைப் பற்றி இங்கும் சிலர் பேசுகிறார்கள். "அப்படி ஒன்று வந்தால் பட்டிக்காரரின் பிரச்சினை தீர்ந்துவிடும் அண்ணே" என்று, மாட்டுப்பட்டி வைத்திருக்கும் என்னிடம் பால் ஊற்றும் இடத்தில் ஒரு தம்பி சொன்னார். அவருக்கு அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் திட்டம் 2011இல் உள்மங்கோலியா, சிங்ஹாய், திபெத் போன்ற பகுதிகளில் தொடங்கியது. மேய்ச்சலை முற்றாக நிறுத்திய நிலத்துக்கு 'மூ' என்ற அவர்களின் நில அளவு ஒன்றுக்கு வருடம் 6 யுவான். மந்தையைப் புல்லின் அளவுக்குக் குறைத்தால் 1.5 யுவான். 2016இல் இவை 7.5, 2.5 என்று கூடின. ஆறு மூ சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு கால்நடையும் மிதிக்காத ஏக்கருக்கு, கூட்டிய பிறகும், வருடம் 45 யுவான் அளவில்தான் வந்தது.

அங்குள்ளவர்கள் புல்லைக் காக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. புல் அழிந்து மண் பறப்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கொட்டிலில் அடைத்த ஆட்டுக்குத் தீனி காசுக்கு வாங்க வேண்டும், வரும் காசு அதற்குக் காணாது என்பதுதான் அவர்களின் குறை. பரப்பளவைப் பார்த்துக் கொடுப்பதால், சிறிய நிலத்தில் மந்தை வைத்துப் பிழைப்பவருக்குக் கொஞ்சமே கிடைக்கிறது. தடை போட்ட தரையில் இரவில் ஆடு மேய்த்தவர்களும் உண்டு. அவர்களைக் கள்ளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அந்த மக்களிடம் ஒரு கடதாசி இருக்கிறது. எந்தத் தரை எந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். காசு அதன் பேரில் வருகிறது. எங்களிடம் இருப்பது மாட்டின் தோலில் சுட்ட குறி மட்டும். மாடு எங்களுடையது என்பதற்கு அது சாட்சி. தரைக்கு ஒரு சாட்சியும் இல்லை.

தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிறது. பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு முறை நெல் விதைக்கும் ஊரில், வெட்டு முடிந்த சிறு இடைவெளியில்தான் மாடு வயலில் இறங்கலாம். விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் மாடுகளை அப்புறப்படுத்தத் திகதி குறிக்கிறார்கள். அது நியாயம், எங்களுக்கும் வயல் உண்டு. எங்கே கொண்டுபோவது என்று மட்டும் யாரும் குறிப்பதில்லை.

சென்ற பெரும்போகத்தில் அண்ணனும் நானும் பட்டியைச் சாய்த்துக்கொண்டு, எங்கள் அப்பா மாடு அடைக்கும் காலை கட்டியிருந்த காட்டோரத்துக்குப் போனோம். அங்கே புதிதாக எல்லைக்கல் நின்றது. உள்ளே விட்டால் வழக்கு என்றார்கள். திரும்பி வந்து, மழைக்குள் வீதியோரத்திலேயே நாட்களை ஓட்டினோம். கன்றுத்தாச்சி மாடு இரண்டு செத்தன. ஆறு நாகுகளை வந்த விலைக்கு விற்றோம். அந்த நாகுகள் இன்று இருந்திருந்தால் பால் தந்துகொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். மிஞ்சிய துண்டுத் தரையில் எல்லாப் பட்டிகளும் நெருங்குவதால் புல் தலையெடுக்க நேரமில்லை. புல் போன இடத்தில் நாயுண்ணிச் செடி மண்டுகிறது. முறை வைத்து மேய்க்க நாங்கள் தயார். ஆனால் நாளைக்கே இன்னொருவருக்குப் போகக்கூடிய தரையில் யார் முறை வைப்பார்? மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் குந்திப் போராடியபோதும் தங்கள் மேய்ச்சல் தரையைத்தான் கேட்டார்கள்.

ஆகவே முதலில் மேய்ச்சல் தரையை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் போடுங்கள். மாடு தண்ணீர் குடிக்க அதற்குள் ஒரு குளம் வேண்டும். அதன் பிறகு கொடுப்பனவு பேசலாம். அப்போதும் ஏக்கர் கணக்கு வேண்டாம். வயல் மூடியிருக்கும் மாதங்களில் ஒரு மாட்டுக்கு எவ்வளவு தீனி என்ற கணக்கில் தாருங்கள்.

வரும் பெரும்போகக் கூட்டத்துக்கு நாங்கள் பட்டிக்காரர் எல்லோரும் போகிறோம். திகதிக்குப் பக்கத்தில் இடத்தின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்போம்.

இப்படிக்கு,
பட்டிக்காரர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.