112 என்ற எண்ணைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, எச்பிஏ1சி 6.0, ஹீமோகுளோபின் 10.2. "சுகர் இல்லப்பா, பார்டர்தான்" என்று எழுதியிருக்கிறாய். இப்போதே கவனித்தால் திருப்பிவிடலாம், விட்டுவிட்டால் கஷ்டம். பார்டர் என்றால் அதுதான் அர்த்தம்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால் நீரிழிவு. நீ நடுவில் நிற்கிறாய். எச்பிஏ1சி-யில் அந்த நடுப்பகுதி 5.7 முதல் 6.4 வரை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் இது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்திருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உன் ஹீமோகுளோபினும் குறைவாக இருப்பதால் உன் 6.0-ஐ முழுதாக நம்பாதே, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடு. 112-க்கு அந்தச் சமாதானம் கிடையாதும்மா.

"இனிப்பே தொடுறதில்லையே" என்கிறாய். நீ தூங்கும்போதும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அளவு மீறாமல் அதை அடக்குவது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்த அடக்கம் எடுபடாது. காலை எண் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். வருடக்கணக்கில் அப்படி ஓடிக் களைத்துப்போனால்தான் நீரிழிவு வருகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை என்று இருந்துவிடாதே. சர்க்கரை 180 வாக்கில் ஏறினால்தான் சிறுநீரில் இறங்கும், தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் வேலை எடை. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் உன்னைப்போல் விளிம்பில் இருந்த 3,234 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது என்று இலக்கு வைத்துக்கொண்டவர்களிடம் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். உன் 70 கிலோவுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. ஆறு மாதத்தில் முடியும். பட்டினி மட்டும் கிடக்காதே, தசையும் சேர்ந்து கரையும். சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வதே தசைதான்.

வேலை செய்கிற தசை இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டவுடன் 15 நிமிடம் நட. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடு. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திரு, 12 தடவை, மூன்று சுற்று. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுச்சத்துக்கு வந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடு. ஏழு மணி நேரத் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்காதே.

மீட்டரில் ஒருநாள் 160 வந்தது என்று பயந்திருக்கிறாய். பழம் உரித்த கையோடு குத்தினால் அப்படித்தான் காட்டும். ஸ்பிரிட் பஞ்சை நம்பாதே, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்து. வீட்டு மீட்டரில் 15 சதவீதம் கூடக் குறைய வரலாம். நீரிழிவா இல்லையா என்பதை லேப் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். 140-க்குக் கீழ் இயல்பு, 200-உம் மேலும் நீரிழிவு. அதற்கு முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போ. பயத்தில் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறும். குழந்தைக்குத் திட்டமிடும்போது இந்த ரிப்போர்ட்டை முதலிலேயே காட்டிவிடு, மறக்காதே.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடு. எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும், காபிகூட வேண்டாம். இரும்பு மாத்திரை ஆரம்பித்திருந்தால் எச்பிஏ1சி அதனாலேயே கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை வைத்துச் சந்தோஷப்படாதே. வெறும் வயிற்று எண்ணை இந்த 112-உடன் ஒப்பிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா