பரிசு இல்லாத கண்காட்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுவிடு. பார்வை தெளிந்தவுடனேயே பெரியவர்கள் மருந்தை நிறுத்திவிடுவார்கள், என் மாமியார் அப்படித்தான் செய்தார். உன் புதிய சூளையில் முதல் தடவை சுட்டதில் பாதிக்கு மேல் விரிசல் இல்லாமல் வந்ததே பெரிய சங்கதி. எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் நாம் படித்த காலத்தில் அதற்கே ஒரு பொட்டலம் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொண்டாடியிருப்போம்.

என் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பிள்ளைகளுக்கு ஏன் பரிசு வைக்கவில்லை? நகரத்தில் நல்ல காட்சிக் கூடங்கள் இருக்கும்போது ஏன் காசிமேட்டில் ஒரு படிப்பகத்தின் மாடியைப் பிடித்தாய்? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லவே இவ்வளவு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படிப்பகம் உனக்குத் தெரியாது. கீழே செய்தித்தாள் மேசையும் கேரம் பலகையும் இருக்கும். மாடியில் நீளமான ஒரு கூடம், வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். காது குத்து, வளைகாப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். பகுதி இளைஞர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு வெள்ளையடித்து, விசேஷம் இல்லாத நாள்களில் அதைப் பொதுக் காட்சிக் கூடமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். புகைப்படங்கள் வைத்தார்கள், பழைய துறைமுகப் படங்கள் வைத்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வைத்தது மே மாதத்தில்.

மே மாதம் என்பதை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதுமாக ஆண்கள் ஊரிலேயே இருப்பார்கள். பள்ளிக்கும் விடுமுறை. பிள்ளைகள் வரைந்ததோ காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை. வரையப்பட்டவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. வெயிலுக்குப் பயந்து மாலை நான்கு மணிக்கு மேல் திறந்தோம்.

ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் ஏலக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து கோட்டோவியம் போட்டார்கள். நான் பகுதிநேர ஆசிரியை, வாரத்தில் மூன்று அரைநாள்தான் பள்ளியில் இருப்பேன். தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் உருப்படியாக நடந்ததெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். முதலில் வழக்கமான படமே வந்தது: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. காசிமேட்டில் மலை எங்கே இருக்கிறது? போட்டிக்குப் போட்டி வரைந்து கை அப்படிப் பழகிவிட்டது. 'மழைநீர் சேகரிப்பு' என்றால் ஒரு படம், 'சாலைப் பாதுகாப்பு' என்றால் ஒரு படம், உலக உருண்டையை இரு கைகள் ஏந்தியிருப்பது எல்லாத் தலைப்புக்கும் பொது. நடுவர் ஒரு தாளை அரை நிமிடம் பார்ப்பார். வெள்ளை இடம் விடாமல் வண்ணம் நிரப்பியவனுக்குக் கோப்பை, மற்றவர்கள் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் என் மாணவி ஒருத்தி மாவட்ட அளவு வரை போனாள். அதற்குப் பிறகு அவள் தலைநிமிர்ந்து பேசுவதை நான் பார்க்கிறேன். ஆனால் கண்காட்சியின் வேலை வேறு. அங்கே படம் நாள்கணக்கில் சுவரில் இருக்க வேண்டும், பார்க்கிறவர் அதன்முன் நின்று பேச வேண்டும். பரிசுச் சீட்டு ஒட்டிவிட்டால் எல்லாரும் முதல் பரிசுப் படத்தின் முன்னால் போய் நின்றுவிடுவார்கள்.

பிப்ரவரியில் அவர்களை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். அது உருவான கதையைச் சொன்னேன். 1966-இல் நம் கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் கல்லூரி மாணவர்களும் காட்சிக் கூடம் யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருக்காமல், பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள் என்று கேட்டதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. அங்கே வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் பேனாக் கோட்டோவியங்களின் நகல்களைக் காட்டினேன். அந்தக் கனவு நகரங்களையும் விசித்திர மிருகங்களையும் விட்டு அவர்களை நகர்த்தவே முடியவில்லை. அவர் 1973-இல் இறந்தபோது முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார் என்றதும் ஒரு பையன், "இன்னும் எவ்வளவு வரைந்திருப்பார் டீச்சர்" என்றான். திரும்பும் வழியில் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன் இறங்கினோம். சிற்பி ராய் சௌத்ரி வடித்த அந்த நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் நம் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அதைச் சொன்னேன். 1959-இல் சிலையைத் திறந்த பிறகு அவர் வந்து தன்னைத் தானே பார்த்திருப்பாரா என்று அந்தப் பையன்தான் கேட்டான். படிப்பகத்து மாடி என்று நான் மனதில் முடிவு செய்தது அந்த இடத்தில்.

படம் மாட்டிய கதையை நீ ரசிப்பாய். பழைய சுண்ணாம்புச் சுவர், ஆணி அடித்தால் காரை கொட்டியது. எனவே கூரையை ஒட்டி நீளமாக ஒரு மரச்சட்டம் பொருத்தி, அதிலிருந்து தங்கூசி என்கிற நைலான் நரம்பில் படங்களைத் தொங்கவிட்டோம். முடிச்சு போட எனக்கு யாரும் தேவைப்படவில்லை, பாதிப் பிள்ளைகள் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் அல்லவா? இங்கே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிகளும் சிறுவர்களும் வருவார்கள் என்று 52-க்கு இறக்கினேன். கண்ணாடிச் சட்டத்துக்குக் காசு இல்லை. மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டையில் சன்னல் வெட்டி, கீழ் ஓரத்தை மேல் ஓரத்தைவிடச் சற்று அகலமாக விட்டோம். உப்புக் காற்றில் நீர்வண்ணத் தாள்கள் மூன்றாம் நாளே சுருள ஆரம்பித்தன, பின்னால் கனமான அட்டை ஒட்டிச் சமாளித்தோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வலை சீர்செய்யும் முதியவரைக் கரித்துண்டில் பெரிதாக வரைந்திருந்தாள். என் கண்ணுக்குக் குறையே இல்லாத படம். இரண்டாம் நாள் மாலை ஒரு பெரியவர் வந்து அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "ஆளு சரியா இருக்கான். ஆனா பாப்பா, ஊசி இந்தக் கையில இருந்தா கண்ணி இப்படி விழாது" என்றார். இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கண்ணி போட்டுக் காட்டினார். அந்தப் பெண் அங்கேயே தாளை எடுத்து அவர் விரல்களை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தாள். மறுநாள் அந்த விரல் படங்களையும் பெரிய படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். பழைய படத்தை எடுக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்றாள்.

நகரத்துக் கூடத்தில் விமர்சகர் வந்திருக்கலாம், கோட்டின் வேகத்தைப் பாராட்டியிருக்கலாம். கண்ணி தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்காது, எனக்கே தெரியவில்லையே. வரைந்த பொருளை உயிராக அறிந்தவர் முன்னால் படத்தை வைப்பதுதான் பதினாறு வயதில் கிடைக்கக்கூடிய பெரிய பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பையனின் ஏலப் படத்தைப் பார்த்து மீன் விற்கும் பெண்கள் இருவர், அதில் இருப்பது வஞ்சிரமா சூரையா என்று சண்டையே போட்டார்கள். அவன் வயிற்றுக் கோடுகளைப் பற்றி அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டான்.

இன்னொரு படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அனல்மின் நிலையம் இருக்கும் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண், வண்ணம் வாங்கவே இல்லை. வீட்டு ஜன்னல் கம்பிகளில் படியும் கருந்தூளைத் துணியால் துடைத்துச் சேர்த்து, கோந்தில் குழைத்து, அதே ஜன்னலை வரைந்தாள். ஊடகம் என்ற இடத்தில் 'எங்கள் வீட்டு ஜன்னல் தூசு' என்று எழுதினாள். அதன்முன் நின்றவர்கள் அதிகம் பேசவில்லை. அவளுடைய அம்மா மட்டும், "இதை எல்லாருக்கும் காட்டணுமா" என்று என்னிடம் தயங்கிக் கேட்டார். உங்கள் விருப்பம்தான் என்றேன். கணவரிடம் பேசிவிட்டு மறுநாள் வந்து, இருக்கட்டும் என்றார்.

ஒருவர் கரித்துண்டுப் படத்தை விலைக்குக் கேட்டார். விற்கலாமா என்று நீ கேட்பாய். அந்தப் பெண்ணும் வீட்டாரும் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் இப்போதைக்கு விற்கவில்லை, கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டும் என்கிறாள். அடுத்த வருடம் எழும்பூருக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நுழைவுத் தேர்வில் களிமண் வேலையும் கேட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறாள்.

அதற்காகத்தான் உன்னிடம் ஓர் உதவி. காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் இங்கே வந்து பிள்ளைகளுக்கு மண் பிசையக் கற்றுக்கொடு. மண்ணை நீ சுமந்து வர வேண்டாம், எது வேண்டும் என்று எழுது, இங்கே ஏற்பாடு செய்கிறேன். படிப்பகத்துக்காரர்களிடம் மாடியைக் கேட்டு வைத்துவிட்டேன். சுடுவதற்கு உன் சூளைக்குத்தான் அனுப்ப வேண்டும், வழியில் உடையாமல் எப்படிக் கட்டுவது என்பதையும் எழுது. அம்மா தனியாக இருக்க வேண்டாம், அவரையும் அழைத்து வா. எங்கள் வீட்டில் கீழ்த்தளத்து அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி